பின் இருக்கையின் எடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கார் கொஞ்ச நாளாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் வீல் அலைன்மென்ட் பார்க்க விட்டேன். மெக்கானிக் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னால வழக்கமா யாரும்மா உக்காருவாவ?"

"யாருமில்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கார் சரியாகிவிட்டது. அந்தப் பதில் மட்டும் சரியாகாமல் என்னோடு வீட்டுக்கு வந்தது. பின் இருக்கையில் யாரையாவது உட்கார வைக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன்.

(என் காரிலேயே உட்கார வைத்திருக்கலாமே, ஏன் 1913க்குப் போக வேண்டும்? தொலைவில் இருப்பவர்களிடம்தான் எனக்கு அன்பாக இருக்க வருகிறது. இந்த வரியைப் பிறகு எடுத்துவிடலாம்.)

2

முதல் தொடக்கம்: "அந்தச் சித்திரையில் தாமிரபரணி மெலிந்து, மணலுக்குள் தன்னை ஒளித்து—"

வேண்டாம். ஆறு தன்பாட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது: "பூதலிங்கம் பிள்ளை சேரன்மகாதேவிக்கு மோட்டார் கொண்டுவந்த அன்று ஊரே திரண்டு—"

ஊர் எதற்கு? எனக்கு மூன்று பேர் போதும். கார் வைத்திருக்கும் பிள்ளை. அதை ஓட்டுகிற, பழுது பார்க்கிற அருமைநாயகம். அவன் மனைவி சாலோமி. அவளுக்கு எட்டாவது மாதம்.

முந்தைய முறையும் எட்டாவது மாதம்தான். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனார்கள். முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போக அவசரம் இருக்கவில்லை.

இந்த முறை டாக்டரம்மா முன்கூட்டியே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார், குலுங்காமல் வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அருமைநாயகம் பிள்ளையிடம் காரைக் கேட்டான்.

"கூட்டிட்டுப் போயேம்லே, வேண்டாம்னா சொல்லுதேன்? வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போ. ஆனா சனிக்கிழமை பந்தயம், மறந்துராத. அந்த மேலப்பாளையம் இப்ராஹிம் அண்ணாச்சி வண்டிப் புழுதிய நான் தின்னணுமா?"

"இல்ல எசமான்."

"அவரு தின்னணும்லே! வளைவுல சாயாம, கல்லு மாதிரி நிக்கணும் வண்டி. தோத்தேன்னு வையி, மதராஸ்லேருந்து வேற டிரைவரு வருவான். சொல்லிட்டேன்."

வற்றிய குளத்துக்குள் இரண்டு கார்கள் வட்டமடிக்கும் பந்தயம் அது. பிள்ளை கெட்டவர் அல்ல. அவரைக் கெட்டவராக்க இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் வெற்றிலை மென்றுகொண்டு சிரித்துவிட்டார்.

சிக்கல் காரில்தான் இருந்தது. பந்தயத்துக்கு என்றால் அச்சின் மேல் இருக்கும் இரும்பு வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், பட்டைகளைக் கூட்டி விறைப்பாகக் கட்ட வேண்டும்; முன் சக்கரங்கள் மயிரிழை வெளியே பார்த்து நிற்க வேண்டும்; அப்போதுதான் வளைவில் சட்டென்று திரும்பும். சாலோமிக்கு என்றால் குலுங்காமலிருக்கப் பட்டைகளைக் குறைக்க வேண்டும். சக்கரங்கள் மயிரிழை உள்ளே பார்க்க வேண்டும். அப்போதுதான் அலையாமல் நேராக ஓடும். வெள்ளிக்கு ஒன்று, சனிக்கு ஒன்று என்று மாற்றிவிடலாம்தான். ஆனால் திருகுகளின் மரை தேய்ந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு முறை கழற்றி மாட்டலாம். புதுத் திருகு கப்பலில் வரவேண்டும்.

ஒரு கார், ஒரு முறை. அருமைநாயகம் அதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. பயம் என்று எழுதினேன், பிறகு அடித்தேன். வாய் திறந்தால் அவர் பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பார், அப்புறம் அவரை வெறுக்க வேண்டிவரும் என்பதாக இருக்கலாம்.

3

வியாழக்கிழமை காலை, வண்டிக் கொட்டகை. பந்தயத்துக்கான கூடுதல் பட்டைகளைத் தரையில் பரப்பிவிட்டு அருமைநாயகம் சாலோமியைக் கூட்டிவந்து பின் இருக்கையில் உட்கார வைத்தான்.*

* ஆள் ஏறினால் வில் தாழும். வில் தாழ்ந்தால் சக்கரத்தின் பார்வை மாறும். ஏறப்போகிறவரை ஏற்றி வைத்துத்தான் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். என் மெக்கானிக் அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்.

"ஆடாத புள்ள."

"ஏன், நான் நெல்லு மூட்டையா?"

"நெல்லு மூட்டை இம்புட்டுப் பேசாது."

"என்ன நூலு அது? ஐயோ, நான் லேஸ் பின்னுத நூலா? சீமை நூலு, அறுத்துப்புடாதிய!"

பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை அந்த நூலை இழுத்துப் பிடித்தபடி அவன் தரையில் படுத்துக் கிடந்தான். அவளுக்கு அவன் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"ராத்திரி தூங்கினியா?"

"எங்க தூங்க? ஒரு வாரமாத் தூக்கமில்ல. கண்ண மூடினா அந்த ரோடுதான் வருது. ஒவ்வொரு கல்லா வருது."

நூல் அசையவில்லை. அவன் கேட்டான்.

"சாலோமி, ஒரு தடவதான் கழத்த முடியும். எதுக்குக் கட்டட்டும்?"

இங்கே அவள் வாயில் நான் வைத்த பதில்: "என்னைப் பத்தி நினைக்காதிய, உங்க வேலைதான் முக்கியம்."

அழகாக இருந்தது. படித்துப் பார்த்தபோது அது சாலோமியின் குரல் இல்லை என்று தெரிந்தது. என் குரல். வாழ்நாள் முழுக்க நான் எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வாக்கியம். அதனால்தான் என் பின் இருக்கையில் யாருமில்லையோ என்னவோ. அந்தப் பதிலை எடுத்துவிட்டு, அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.

சாலோமி வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"எனக்குக் கட்டுங்க" என்றாள்.

 இரண்டு பட்டைகளைத் தூக்கி அவன் சுவரோரமாக வைக்கும் ஓசை கேட்டது.

4

நியாயமாகப் பார்த்தால் இனி பந்தயம்தான். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், முதல் வளைவிலேயே கார் படகு மாதிரிச் சாய்கிறது. பிள்ளை புழுதி தின்கிறார். அருமைநாயகம் சொந்த ஊரான சாத்தான்குளத்துக்குத் திரும்பி மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா அடிக்கிறான்.

மற்றதில், குளத்துத் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. கல் மாதிரி நிற்கும் இப்ராஹிம் அண்ணாச்சியின் கார் துள்ளித் துள்ளி வழி தவறுகிறது. நம்முடையது மெத்தென்று தரையைப் பிடித்துக்கொண்டு முந்துகிறது. இது நடக்கக் கூடியதுதான். ஆனால் எனக்கு மிகவும் பிடித்திருப்பதால் இதை நான் நம்பவில்லை.

உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமையை எழுதப் பயந்துதான் சனிக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

5

வெள்ளிக்கிழமை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

"பாடிக்கிட்டே வா" என்றான் அருமைநாயகம். "நான் திரும்பிப் பார்த்தா குழில விட்டுருவேன். பாட்டு கேட்டாப் போதும் எனக்கு."

"எஞ்சின் இரைச்சல்ல கேக்குமா?"

"கத்திப் பாடு. வழியில ஆரு இருக்கா, ஆடுமாடுதான்."

அவள் பாடினாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடும் கீர்த்தனைதான். அடி மறந்த இடங்களில் ராகத்தை மட்டும் இழுத்தாள். பத்தமடை போயிற்று. பைய, பைய. பாலத்து மேட்டில் வில் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது, மூச்சு விடுவதுபோல. முன்னீர்பள்ளம் வந்தது. பாட்டு உரத்தது, நடுங்கியது, அப்படியே மருத மரத்தையும் கடந்தது.

அவனுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

மரத்தைத் தாண்டி ஒரு வளைவு. அதற்கு அப்பால் பாட்டு நின்றுவிட்டது.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்தினான். வயலில் கொக்குகள் மேய்ந்தன. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

6

அவன் இன்னும் திரும்பவில்லை. பல நாட்களாக அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கழுத்தைத் திருப்ப ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை எழுத என்னால் முடியவில்லை. அவள் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், அவளே சொன்னாள். இருந்தாலும் நான் திரும்பிப் பார்த்தால், பழக்க தோஷத்தில், இருக்கையில் யாருமில்லை என்று எழுதிவிடுவேன்.

அதனால் நீங்கள் திரும்புங்கள். அவசரம் வேண்டாம், கார் அவளுக்காகக் கட்டியதுதான். பின்பக்க வில் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது, இவ்வளவுதான் என்னால் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் பார்ப்பது நீங்கள்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுப்பாதீர்கள்.