எத்ருஸ்கர் அழிந்த காரணம்

எங்கள் அத்தான் அந்தோனிப்பிள்ளை கோட்டுக்குள் வேர்க்க வேர்க்க மேடையில் நின்று, எத்ருஸ்கர் ஏன் அழிந்தார்கள் என்று பதுளைக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இத்தாலியில் ரோமருக்குப் பக்கத்து நாட்டவர்களாம் அவர்கள். அந்த நாட்டுப் பெண்கள் விருந்தில் புருஷனோடு ஒரே கட்டிலில் சாய்ந்து தின்றார்களாம், குடித்தார்களாம். ரோமப் பெண்ணோ அடக்கமாக வீட்டிலிருந்து கம்பளி நூற்றாளாம். “அதனால்தான் ரோமர் உலகை ஆண்டார்கள், எத்ருஸ்கர் மண்ணோடு மண்ணானார்கள்” என்று முடித்தார். ஆண்கள் கைதட்டினார்கள். அத்தானுக்கு வேண்டியிருந்ததோ தலைமையாசிரியர் வேலை. அதைக் கொடுக்கவேண்டிய பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் துரைசாணி. அவள் வெள்ளைக்காரியானாலும் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் ஒரு சொல் விடாமல் புரியும். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

மத்தியானம் அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து. அக்கா அகஸ்டினாவுக்கு உதவியாக நான் அடுப்படியில் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அக்கா, அத்தான் கை கழுவிய பிறகுதான் ஆறிப்போனதைச் சாப்பிடுவாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். அவள் மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

மேசையிலிருந்து துரைசாணியின் குரல் கேட்டது.

“வீட்டு அம்மாவும் வந்து உக்காரட்டும். அதுவரைக்கும் நாங்க சாப்பிடல.”

துரையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். அத்தான் வெளிறிப்போய் அடுப்படிக்கு ஓடிவந்தார்.

“இந்தா, செத்த வந்து உக்காரு.”

“நான் உக்காந்தா வம்சம் அழிஞ்சு போயிருமேங்க” என்றாள் அக்கா, சோற்றைக் கிளறிக்கொண்டே.

“அது எத்ருஸ்கருக்குச் சொன்னது.”

“அப்ப நான் யாருங்க?”

அத்தான் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். “இன்னைக்கு ஒரு நாளைக்கு எத்ருஸ்கரா இரு. வேலை போயிரும்.”

“ஒரு நாளைக்குன்னா வேணாங்க.”

வெளியே துரை இருமினார்.

“சரி, எப்பவும்” என்றார் அத்தான், யாருக்கோ உயிரை எழுதிக்கொடுப்பதுபோல.

அக்கா கையைத் துடைத்து, தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நாலு தட்டிலும் சோறு இருந்தது. கோழிக்குழம்பு ஊற்றத்தான் ஆளில்லை. என்னைக் கூப்பிடுவார்களோ என்று கதவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். கடைசியில் அத்தானே அகப்பையை எடுத்தார். துரைக்கும் துரைசாணிக்கும் ஊற்றியாயிற்று. சட்டியில் ஒரே ஒரு கோழித்தொடை மிஞ்சியது. எங்கள் வீட்டில் தொடை என்றால் அது அத்தானுக்குத்தான்.

அக்கா தட்டைச் சற்று முன்னால் தள்ளினாள். துரைசாணி அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடையை ஏந்திய அகப்பை அக்கா தட்டுக்கும் அத்தான் தட்டுக்கும் நடுவில் நின்றது. குழம்பு மேசைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.