ஜாடி வேர்த்த மத்தியானம்

ஜெயகிருஷ்ணன் எதை வேண்டுமானாலும் தாங்குவார், கேலியை மட்டும் தாங்கமாட்டார். கோவில்பட்டியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். யாராவது வீட்டுக்காரர், “என்ன அண்ணாச்சி, போன வாரம் பார்த்தது மறுபடி நின்னுருச்சே” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் போதும், ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்புறம் அவர் மனைவி ராதாமணிதான் போய்ச் சமாதானம் பேசி, ஆளைத் திரும்ப அனுப்பிவைக்க வேண்டும். நல்ல பொழைப்புதான்.

அந்த லட்சணத்தில்தான் மச்சான் வீட்டு உறவும் அறுந்துபோனது. ராதாமணியின் அண்ணன் செண்பகராஜ், மிலிட்டரி மெஸ்ஸில் சமையல் பார்த்து ஓய்வுபெற்று வந்து, புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். தன் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பந்தியில் வைத்து, “எங்க மாப்ள கை வச்சா ஐஸும் கொதிக்கும்” என்று ஒரு போடு போட்டார். பந்தியே சிரித்தது. ஜெயகிருஷ்ணன் பாதிச் சோற்றில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டார். என் வீட்டு இலையில் பாதியில் எந்திரிச்சவன் வாசலை நான் மிதிக்கமாட்டேன் என்று மச்சானும் சொல்லிவிட்டார். ஆச்சு, ரெண்டு வருசம்.

இப்போது மகள் உமாதேவிக்கு ஆவணியில் கல்யாணம் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் வந்து நிற்காமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க முடியுமா? உமாதேவி வாய்விட்டுக் கேட்கவில்லை. மாமா வருவாரா மாட்டாரா என்று அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிச்சு வந்தது நீங்க. நீங்கதான் போய்க் கூப்பிடணும்” என்றாள் ராதாமணி.

“போறேன். என்னன்னு பேச?”

“வாயத் தொறந்தா தானா வரும்.”

வராது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் வாய்க்குப் பதிலாக ஒரு ஜாடி வைன் கொண்டுபோவது என்று முடிவு செய்தார். மிலிட்டரி மெஸ்ஸில் ஆபீசர்கள் குடிக்கும் வைனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செண்பகராஜுக்கு நேரம் போவது தெரியாது. நம் கையால் செய்த வைன் ரெண்டு டம்ளர் உள்ளே போகட்டும், மனுசன் தானாக இளகிவிடுவார், நாம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றியதற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டார்.

செய்முறையை ஒரு பேக்கரிக்காரர் சொல்லிக்கொடுத்தார். கம்பத்துக் கறுப்புத் திராட்சை, சீனி, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை. ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் வேடுகட்டி வைத்ததில் வைன் நன்றாகவே நுரைத்துப் பொங்கியது. வடிகட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சரக்கு ஏறிக் காது மடல் சுட்டது. ஒரே ஒரு குறை, சோடா மாதிரி நாக்கில் சுருசுரு என்றது. “உள்ள கேஸ் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு மாசம் சும்மா விடுங்க, தானா அடங்கிரும்” என்றார் பேக்கரிக்காரர்.

ரெண்டு மாசமா? ஆடி பிறந்தாயிற்று. கேஸை எடுப்பதற்கு ஜெயகிருஷ்ணனுக்கு ஒரு பேக்கரிக்காரன் யோசனை சொல்வதா? ஃப்ரிட்ஜுக்குப் புது கேஸ் ஏற்றும் முன் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்பு கடையிலேயே கிடக்கிறது. முதலில் பிளாஸ்டிக் தண்ணிக் கேனில் சோதித்துப் பார்த்தார். பம்பைப் போட்டதும் கேன் நாலு பக்கமும் உள்ளே ஒடுங்கி நசுங்கிப்போனது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைப் பரணில் ஒளித்துவைத்தார். பிறகு, மில் ஏலத்தில் எடுத்த தடித்த கண்ணாடி ஜாடியில் வைனை ஊற்றி, ரப்பர் மூடியில் செப்புக் குழாயைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் பசை அப்பி, பம்பை ஓடவிட்டார்.

உள்ளே குமிழ் குமிழாகக் கிளம்பியது. கேஸ் போகிறது என்று சந்தோசப்பட்டார். ஃப்ரிட்ஜ் வேலையில் மீட்டர் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். அதுவரை பம்பை நிறுத்தக் கூடாது. நிறுத்துகிறவன் மெக்கானிக்கே இல்லை. அதனால் பம்பை ஓடவிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஒரு ஃப்ரீசரைப் பார்க்கப் போனார். அங்கே ஜூஸ் கடைக்காரர், பெட்டிக்குள் குளிர்ச்சி எப்படி வருகிறது என்று கேட்டார். கேட்டால் விடுவாரா?

“உள்ள இருக்க திரவம் கொதிச்சு ஆவியாப் போவுது. போகும்போது சூட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும், அதான் குளிருது. அது கொதிக்கத் தீ வேண்டாம் பாத்துக்கிடுங்க, மேல இருக்க காத்த உறிஞ்சிட்டாப் போதும்.”

சொல்லிவிட்டு கம்பீரமாகக் கடைக்குத் திரும்பினார். தெருமுனையிலேயே பக்கத்து சைக்கிள் கடை நந்தகோபால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, காலையிலேருந்து தெருவே கமகமன்னு மணக்குதே, என்னது?”

“பம்புக்கு ஆயில் மாத்துதேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜாடி வேர்த்திருந்தது. வெளியே கரிசல் மண்ணைத் தூக்கி அடிக்கிற ஆடிக்காற்று, அனல். ஜாடியோ தொட்டால் சில்லென்று இருந்தது. அட, ஐஸ் வைக்காமலே வைன் குளிர்ந்துவிட்டதே, கைராசி என்றால் இதுதான் என்று ஜாடியைத் தடவிக் கொடுத்தார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். குமிழ் இன்னும் அடங்கவில்லை. பாழாய்ப்போன கேஸ் எவ்வளவுதான் இருக்கும் என்று சாயங்காலம்வரை ஓடவிட்டார்.

மறுநாள் ஜாடியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ராதாமணியோடு புதூர் பஸ் ஏறினார். செண்பகராஜ் வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் கண் கலங்கியது. ஜெயகிருஷ்ணனைப் பார்த்து, “வாங்க” என்று மட்டும் சொன்னார். வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியாதே, இலை போட்டார்கள். இலை ஓரத்தில் ஜாடியைத் திறந்து, சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார் ஜெயகிருஷ்ணன்.

மச்சான் மோந்து பார்த்தார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று குடித்தார். ஜெயகிருஷ்ணனும் ராதாமணியும் அவர் முகம் இளகுகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“திராட்சை நல்ல திராட்சைதான்” என்றார் செண்பகராஜ். “ஆனா சின்னப்பிள்ளைக்குக் குடுக்கலாம் போலுக்கு, ஒண்ணுமே இல்லையே மாப்ள. எப்படிச் செஞ்சீங்க?”

ஜெயகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. நம் வைனிலா ஒன்றுமில்லை? விறைப்பாக விளக்க ஆரம்பித்தார். “பம்பு வச்சு முழு வேக்குவத்துல இழுத்தது மச்சான். முள்ளு கடைசிக் கோட்டுல நின்னுச்சு. நாள் பூராக் குமிழ் வந்துச்சு. ஜாடியே சில்லுனு வேர்த்துப்போச்சு.”

“இந்த அனல்ல ஜாடி எதுக்குச் சில்லுனு வேர்க்கணும்?”

“அது வந்து, உள்ள இருக்க திரவம் கொதிச்சு ஆவியாப் போகும்போது…”

அங்கேயே நின்றுவிட்டார். ஜூஸ் கடைக்காரர் முகமும், மூக்கை உறிஞ்சிய நந்தகோபால் முகமும் கண்முன் வந்தன. வைனில் இருந்த சரக்கு முழுவதும் பம்பு வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது. அதைத் தன் கையாலேயே மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து அனுப்பியிருக்கிறார்.

செண்பகராஜுக்கும் விளங்கிவிட்டது. மீசைக்குக் கீழே உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ராதாமணி கணவரின் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு பாதி இருந்தது. மகளுக்கு மாமன் வருவதும் வராததும் இந்தப் பாதிச் சோற்றில் வந்து நிற்கிறது.

ஜெயகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் எரிந்தது. கால் எழுந்திருக்கப் பார்த்தது, அதற்குப் பழக்கம் அப்படி. இடது கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான்” என்றார். “அன்னைக்குப் பந்தியில நீங்க ஒண்ணு சொன்னீங்கள்லா. நான் கை வச்சா ஐஸும் கொதிக்கும்னு.”

“அத விடுங்க மாப்ள. தெரியாமச் சொல்லிட்டேன்.”

“கொதிச்சிருச்சு மச்சான்.”

செண்பகராஜ் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற ஆடுகள் கயிற்றை இழுத்தன. ராதாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்சம் அடங்கியதும் ஜெயகிருஷ்ணன், கேன் நசுங்கிப் பரணுக்குப் போன கதையையும் தானாகவே சொன்னார். மச்சானுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டதும் ஜெயகிருஷ்ணன்தான்.

“உமாவுக்கு ஆவணியில கல்யாணம்” என்றார்.

“தெரியும். சேதி காதுல விழுந்த நாள்லேருந்து சீர் ஆட்டுக்கிடா வளர்த்துக்கிட்டுதான் இருக்கேன். வாசல்ல கட்டிக் கிடக்கது என்னன்னு நெனச்சீங்க?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மச்சான். “ஆனா இந்தக் கதைய மண்டபத்துல சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஜெயகிருஷ்ணன் இலையைப் பார்த்துக் குனிந்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கி, ரசம் ஊற்றி, மோரும் ஊற்றி, கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்த பிறகுதான் எழுந்தார்.