கால் நீட்ட இடம்

மாதேஸ்வரன் தன் அண்ணனின் வலது முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்ததும் நிர்மலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க சித்தப்பா."

"உடம்புல சூடு இருக்கறப்பவே மடக்கிரணும் கண்ணு. நேரம் போனா வெறச்சுக்கும். அப்பறம் நாலு பேரு சேந்தாலும் மடங்காது."

"மடக்கவே வேணாங்கறேன்."

கட்டிலைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த வகையறாவில் செத்தவரைப் படுக்கவைத்துப் புதைக்கிற பேச்சே கிடையாது. குளிப்பாட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, சம்மணம் போட்டு உட்காரவைத்து, அப்படியே நாற்காலிப் பாடையில் தூக்கிப்போவார்கள். சொந்த நிலத்து மூலையில் வெட்டிய குழிக்குள்ளும் உட்கார்ந்த வாக்கில்தான் இறக்குவார்கள். நிர்மலாவின் தாத்தா அங்கே உட்கார்ந்திருக்கிறார். பெரிய தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறார். காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவள் அப்பா மாதவராஜும் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவதுதான் முறை. வேலியோரம் ஆண்டி குழிவெட்டும் கடப்பாரைச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

ஆனால் நிர்மலாவுக்கு விவரம் தெரிந்த நாளாக அப்பா சம்மணம் போட்டு அவள் பார்த்ததில்லை. பட்டாளத்தில் பனிமலைப் போஸ்ட்டுக்கு மண்ணெண்ணெய் டின்னும் தோட்டாப் பெட்டியும் சுமந்து ஏறி ஏறி இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், இனி ஆகாது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு நாற்காலியில். வெளிக்குப் போவதற்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. அதை அவரேதான் கழுவுவார், பெண்டாட்டியைக்கூடத் தொடவிடமாட்டார்.

ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு எழுதியதற்கு, இந்த மூட்டுவாதத்துக்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. வயதானால் எல்லோருக்கும் வருவதுதானாம். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முதல் அப்பீல் போட்டார், தள்ளுபடி. இரண்டாவது அப்பீலும் அப்படியே. பிறகு சென்னையில் தீர்ப்பாயம். படித்த பிள்ளை என்று எழுத்து வேலை முழுக்க நிர்மலாவின் தலையில் விழுந்தது. கம்பைநல்லூரில் வாக்கப்பட்டுப் போன பிறகும் அதை அவள் விடவில்லை. கடைசியில் மருத்துவ போர்டு வைத்து மறுபடி பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜெயித்த மாதிரிதான் என்றார் வக்கீல்.

ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப்போனாள். மேஜைக்குப் பின்னால் சீருடையில் ஒரு மேஜர், அவள் வயதுதான் இருக்கும். குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று இந்தியில் சொன்னார். அப்பா யோசிக்கவே இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு குந்தினார், எழுந்தார், விறைப்பாக நின்றார். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வலிக்கிறதா என்று மேஜர் கேட்டார். "நஹி சாப்" என்றார் அப்பா. பாவம், அந்த ஆளும் கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும். ஊனம் இருபது சதவீதத்துக்குக் கீழே என்று எழுதினார். அதற்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாது.

அன்று தருமபுரி ஸ்டேஷனில் கூட்டமெல்லாம் போகும்வரை அப்பா பெஞ்சிலேயே இருந்தார். பிறகு மேம்பாலத்துப் படிகளில் குழந்தையைப் போல உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

"ஏம்ப்பா? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாப்பா?"

"ஆபீசர் சொல்றப்ப முடியாதுன்னு எப்பிடிம்மா சொல்றது?"

அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மேஜர் எழுதியதை எதிர்த்துப் போட்ட மனு தீர்ப்பாயத்தில் கிடக்கிறது, ஆள் இங்கே கட்டிலில் கிடக்கிறார். செத்தவர்மேல் கோபப்படலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது.

மாதேஸ்வரன் கையை எடுக்காமலே பேசினார். "இத்தன வருசம் அவன் கீழ உக்காரல கண்ணு. உங் கல்யாணத்துல மணையில உக்காந்து தார வாத்தது யாரு? நானு. பெத்தவன் தூணுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருந்தான். இப்பவாச்சும் எங்கப்பன் பக்கத்துல அவன் உக்காரட்டும். இனிமே வலிக்காது."

சித்தப்பா ஒன்றும் கல்நெஞ்சர் அல்ல. காலையிலிருந்து அழுது அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. இருந்தாலும் அவள் பிடியை விடவில்லை.

"அந்த மேஜரு உக்காருன்னாரு, உக்காந்தாரு. இப்ப நீங்க மடக்கி வெப்பீங்க. பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க? காலு நல்லாத்தான மடங்குது, சும்மா பென்சனுக்கு அலஞ்சிருக்கான்னுதான?"

அதை ஏற்கனவே சொன்ன இரண்டு பேர் அந்த அறையிலேயே இருந்தார்கள். அவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க," என்றார் மாதேஸ்வரன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜானகியம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்கண்ணன் கால எப்பவாச்சும் தொட்டுப் பாத்திருக்கீங்களா தம்பி?"

அவர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"யாரயும் தொட வுட்டதில்ல. ஒருக்கா மடக்கிப் பாருங்க. மெதுவா."

"அம்மா!" என்றாள் நிர்மலா.

"வுடு பாப்பா. பாக்கட்டும்."

நிர்மலா கையை எடுத்தாள். மாதேஸ்வரன் ஒரு கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் காலைத் தூக்கினார். பாதி மடங்குவதற்குள் சத்தம் கேட்டது. சரளைக்கல்மேல் செருப்பு தேய்கிற மாதிரி ஒரு சத்தம். வாசற்படியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். மாதேஸ்வரனுக்கு அது உள்ளங்கையிலேயே கேட்டது.

"அய்யோ தேவ்ரே," என்றார். பயந்தால் கடவுளைக் கூப்பிட அவருக்குக் கன்னடம்தான் வரும்.

அதற்குமேல் அவரால் மடக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. காலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"தெனமும் இப்பிடித்தானுங்களா அண்ணி?"

"தெனமும்தான்."

"ஒரு வார்த்த சொன்னானா எங்கிட்ட?"

அவர் காலைக் கீழே இறக்கினார். இறக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலும் மெதுவாக, குதிகால் மெத்தையில் படும்வரை இறக்கினார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கடப்பாரைச் சத்தம் நின்றது.

நிர்மலா சன்னலுக்குப் போனாள். வெளியே மாதேஸ்வரன் குழியோரம் நின்றிருந்தார்.

"ஆண்டி, நீட்டமா வெட்டு. ஆளு படுக்கற மாதிரி."

"வட்டக்குழிதான சொன்னீங்கண்ணா? முக்காவாசி எறங்கிட்டேன்."

"இப்ப நீட்டமா வேணும்."

வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர், வழக்கத்தை மாற்றினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தார்.

"நாலு பேரும் எங்கிட்ட வந்து கேக்கட்டும்," என்றார் மாதேஸ்வரன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். சாவு வீட்டில் தம்பிக்காரனே குழியில் இறங்கி வெட்டுவதை யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிர்மலாவின் புருஷனும் இறங்கினார். அந்தப் பெரியவர் நிழலுக்கு நகர்ந்தார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது எடுத்தார்கள். நாற்காலிப் பாடை கொட்டகையிலேயே கிடந்தது. மூங்கில் பாடையில் கால் நீட்டிப் படுத்தபடி மாதவராஜ் தன் நிலத்துக் குறுக்கே போனார். பக்கத்திலேயே இடம் என்பதால் பெண்களும் பின்னால் வந்தார்கள். நிர்மலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழியின் கரையில் நின்றாள்.

மாதேஸ்வரன் முதலில் உள்ளே இறங்கி அண்ணாந்து கையை நீட்டினார்.

"மெதுவா வுடுங்க. மெதுவா. கால் பத்தரம்."

யாரும் சிரிக்கவில்லை. மேலே பிடித்திருந்தவர்களும் அவர் சொன்னபடியே மெதுவாகத்தான் இறக்கினார்கள். விபூதித் தட்டும் உப்பும் தயாராக இருந்தன. மேலே ஏறிவர ஆண்டி கை கொடுத்தான். மாதேஸ்வரன் அந்தக் கையைப் பிடிக்காமல் அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, ஈரமண்ணை இரண்டு கையாலும் வழித்து முழங்கால்களுக்கு அடியில் அணைகட்டுவதுபோல் கொடுத்தார். தட்டினார். கால்கள் சற்றே உயர்ந்து நின்றன.

"அண்ணி," என்று மேலே பார்த்தார். "தூங்கறப்ப அடியில தலகாணி வெப்பான்ல? இவ்ளோ ஒசரம் போதுங்களா?"

ஜானகியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மகளின் பிடியிலிருந்து ஒரு கையை விடுவித்து, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினாள்.

மாதேஸ்வரன் குனிந்து இன்னொரு கை மண் அள்ளினார்.