ஒரே படகு, இரண்டு பாட்டில்

அந்த ஏரியின் நடுவே எல்லைக்கோடு ஓடியது. மீன்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரும், மனிதர்களுக்குத்தான் தடை. ஆனாலும் இரண்டு அரசாங்கமும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தன. வருஷத்துக்கொரு முறை இரு தரப்பும் ஒரே படகில் போய், கயிற்றைச் சேர்ந்து இழுத்து, ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிரித்துக்கொள்ளும். வயல் உரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவரவர் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் வலை இறங்கும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அக்கரை ஆய்வுக்கூடத்தில் இரு தரப்பும் கூடி மறுபடி சோதிக்க வேண்டும்.

இக்கரைச் சோதனைக்காரிக்கு அக்கரை என்றால் உயிர். அவள் அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டவள். எல்லையை அடைத்ததிலிருந்து போனில் குரல் மட்டும்தான். குரலைக் கட்டிப்பிடிக்க முடியுமா? படகில் போகும்போதெல்லாம் தூரத்து ஐஸ் ஃபேக்டரியின் தகரக் கூரையைக் காட்டி, அதற்குப் பின்னால்தான் அக்கா வீடு என்பாள். கேட்டுக் கேட்டு அக்கரைச் சோதனைக்காரருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இந்த வருஷம் ஏரி தெளிந்துவிட்டது. எண்கள் ஒத்துப்போனால் கூட்டுச் சோதனையே இனி வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பொய் எண் போட அவளுக்குக் கை துறுதுறுத்தது, மனசுதான் வரவில்லை. உள்ளதையே அனுப்பினாள்.

அக்கரையிலிருந்து வந்த எண் இரண்டு மடங்காக இருந்தது.

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைப் பார்க்கப் போகிறாள்! இருந்தாலும் மிச்சத் தண்ணீரை மறுபடி சோதித்துப் பார்த்தாள். பழைய எண்தான் வந்தது. அந்த மனிதரோ வேலையில் புலி, தப்புச் செய்கிற ஆளே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜன்னலுக்கு வெளியே, தைத்த வலைகளோடு மீனவர்கள் காத்திருந்தார்கள். அக்கரையிலும் அப்படித்தான் இருப்பார்கள். மீன் ஏறி வருகிற வாரம் இது, விட்டால் பருவமே போய்விடும். அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, நம்பரை இன்னொரு தடவை பாருங்க."



"பாத்துதாம்மா போட்டேன். உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க வர்றீங்கன்னு இப்பவே வீட்டைக் கழுவிக்கிட்டிருக்காங்க."

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, எண்ணை மாற்றச் சொன்னாள்.

"மாத்திடறேன்மா. அவங்க கேட்டா என்னன்னு சொல்ல?"

"ஏரி நல்லாயிடுச்சுன்னு சொல்லுங்கண்ணே."