பியூலா விற்காத பி.எஸ்.ஏ.

பக்கவாதத்தில் ஏசுபாதத்தின் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு, மனைவி பியூலா அவருடைய கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். போர்ட்டிகோவில் நின்ற அவருடைய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் நேராகத் தெரிந்தது. அவர் நெகிழ்ந்துபோனார்.

இரண்டாம் உலகப் போருக்கென்று பர்மிங்காமில் செய்த வண்டி அது. போர் முடிந்து பட்டாளம் ஏலம் விட்டபோது அவருடைய அப்பா எடுத்தார். ஆதியில் துப்பாக்கி செய்த கம்பெனி என்பதால், சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள்தான் முத்திரை. உதைத்தால் ஒற்றை சிலிண்டர் அவசரமே இல்லாமல் பேச ஆரம்பிக்கும். ஆராதனை முடிந்து அவர் கிளம்பினால் முடிச்சூர் ரோடே திரும்பிப் பார்க்கும். பியூலா ஷேர் ஆட்டோவில் வருவாள். பின்சீட் வைத்தால் அழகு கெட்டுவிடுமாம்.

2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, உதவிக்கு ஓடிவந்தவர்களிடம் ஏசுபாதம், "மொதல்ல வண்டிய மாடிக்கு ஏத்துங்க" என்றார். உள்ளே, நடக்க முடியாத தன் அக்கா கிறிஸ்டியின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்தபடி பியூலா கத்திக்கொண்டிருந்தாள். வண்டி ஏறிய பிறகுதான் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அந்த வாரமே கிறிஸ்டி நிமோனியாவில் செத்தாள். பியூலா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்றே அவர் நம்பினார்.

பழைய வண்டிகள் சேகரிக்கும் தோத்தாத்ரி வந்தார். "மேடம், கொழந்த மாதிரி பாத்துக்குவேன். நீங்க சொல்றதுதான் ரேட்டு."

"விக்கறதா இல்ல சார்."

ஏசுபாதத்தின் கண் நிறைந்தது.

மறுநாள் காலை பழைய இரும்புக்கடை அயூப் கேஸ் கட்டரோடு வந்தார். வண்டியைப் பார்த்ததும் தயங்கினார். "அக்கா, சூப்பர் வண்டிக்கா. கட் பண்ணா வெறும் இரும்பு."

"தெரியும். கட் பண்ணுங்க."

"சார் பாத்துகினு கீறாரேக்கா."

"பாக்கட்டும்."

ஏசுபாதத்தின் தொண்டையிலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அயூப் ஜன்னல் பக்கம் திரும்பாமல் வேலையைப் பார்த்தார். டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டு, சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கினார். சேஸிஸ் நெருப்புப் பூச்சொரிந்து துண்டு துண்டாக விழுந்தது. ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார். சத்தத்தை மூட முடியவில்லை.

துண்டுகளை ஏற்றிக்கொண்டு அயூப்பின் மினி லாரி போனதும் பியூலா கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் கோபப்படவில்லை. அவருடைய மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக் காத்திருந்தாள். மூச்சுக்கு வாய் திறந்ததும் ஸ்பூனை நுழைத்தாள்.

"டாக்டர்ட்ட கேட்டேங்க," என்றாள், அவர் வாயைத் துடைத்தபடி. "நல்லா பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் இருப்பீங்களாம். நான் நல்லா பாத்துக்குவேன்."