கடைசிப் பக்கத்துப் பிறை

பதுளை பஸார் வீதியில் புத்தகக் கடை வைத்திருந்த ஜௌபருக்குப் பாலர் நூல்கள் என்றாலே கோபம் பொத்துக்கொண்டு வரும். கப்பலேறி வந்து அவருடைய கடையில் குவிந்த படப் புத்தகங்களில் எதுகை இருந்தால் பொருள் இராது. பொருள் இருந்தால் சந்தி இராது. தப்பித்தவறி இரண்டும் இருந்தால் நோன்புப் பெருநாள் இராது. “நம்மட புள்ளையள் மட்டும் பண்டிகை இல்லாமப் பொறந்ததுகளா?” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் குமுறித் தீர்த்தவர், 1968ஆம் ஆண்டு றமழான் பிறக்குமுன் தாமே ஒரு புத்தகம் எழுதி அச்சிட்டுவிட்டார். பக்கத்துக்கு ஒரு படம். படத்தின் கீழே நான்கு வரிப் பாட்டு.

படங்களை வரைந்தவன் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து நல்லையா. கோயில் சுவருக்கும் கடைப் பலகைக்கும் வர்ணம் தீட்டுவது அவன் தொழில். “முகம் வரையிறது மார்க்கத்துக்கு ஆகாது, வேணாம் ஜௌபர்” என்று பள்ளிவாசல் இப்றாஹீம் லெப்பை முன்கூட்டியே கூறிவிட்டமையால், நல்லையா அனைவரையும் முதுகுப்புறமாகவே வரைந்திருந்தான். நோன்புக் கஞ்சிக்கு நிற்பவர்களும் முதுகு. புத்தாடை உடுத்தவர்களும் முதுகு. பிள்ளைகளுக்கோ அதுவே பிடித்துப் போயிற்று. முகம் இல்லாத இடத்தில் ஆளாளுக்குத் தங்கள் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பக்கத்துச் சிறுமிக்கு மட்டும் அந்த விளையாட்டுச் செல்லவில்லை. தகப்பனின் தோளில் இரட்டைப் பின்னலோடு அமர்ந்திருந்த அவள், ஜௌபரின் ஆறு வயது மகள் நளீராதான் என்பது வீதிக்கே தெரியும். அவளுக்கு எதிரே மலை. மலைக்கு மேலே பிறை. பிறையின் மடியில் ஒரு நட்சத்திரம். மலையுச்சியில் நல்லையா தன் விருப்பத்துக்குச் சேர்த்த ஓர் ஆடு. கீழே இந்தப் பாட்டு:

எட்டி நின்று பார்த்தேனே
இளைய பிறையைக் கண்டேனே
வட்டில் அப்பம் வந்ததே
வாசல் எல்லாம் மணத்ததே

அந்த நோன்பு மாதம் முழுவதும் பஸார் வீதியின் முடுக்குகளில் இந்தப் பாட்டே ஒலித்தது. ஜௌபர் கடைக்குள் கணக்குப் பார்ப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ஒரு பிள்ளையாவது அசை பிழைத்துப் பாடினால் எழுந்து வெளியே வந்து திருத்துவார்.

இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் ஆண்களும் பிள்ளைகளும் பிறை பார்க்கப் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த மேட்டில் கூடினர். இருவர் கண்டதாகச் சாட்சி சொன்னால் மறுநாள் பெருநாள். இல்லையேல் இன்னொரு நோன்பு. மார்கழி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஹாலி-எலப் பக்கத்து மலைகளின் மேல் மேகம் அப்பிக் கிடந்தது. வானொலியும் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நளீரா தகப்பனின் தோளில் ஏறியிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாட்டைத் தொடங்க, அவளும் பாடினாள். “இளைய பிறையைக் கண்டேனே” என்ற அடியில் அவளுடைய கை நீண்டு மேற்கைச் சுட்டிற்று.

“எங்க மகள்?” என்றார் ஜௌபர்.

“அந்தா, மலைக்கு மேல.”

மேகம் ஒரு விரற்கடை விலகியிருந்தது. அங்கே ஏதோ வெளுத்துத் தெரிந்தது. அது பிறையா, மேகத்தின் ஓரமா என்று ஜௌபர் உற்று நோக்குமுன் கூட்டம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. தோளில் மகள், எதிரே மலை, சுற்றிலும் தம்முடைய பாட்டைப் பாடும் பிள்ளைகள். அவர் எழுதிய பக்கம் அப்படியே எழுந்து நின்றது. அதில் குறைந்தது பிறை ஒன்றுதான்.

“ஓ, தெரியுது” என்றார்.

பக்கத்தில் நின்ற புடைவைக் கடை ஸலீம், ஜௌபரின் விரலோடு ஒட்டித் தன் விரலையும் நீட்டினார். “நானும் கண்டேன் லெப்பை. ஜௌபர் நானா காட்டின எடத்துலதான் ஈக்கு.”

மேகம் மூடிக்கொண்டது. இப்றாஹீம் லெப்பை இருவரையும் பள்ளிவாசலுக்குள் அழைத்துச் சென்றார். அவசரப்படுகிற மனிதர் அல்லர் அவர்.

“அல்லாஹ்வ முன்னிறுத்திச் சத்தியமாச் செல்லுங்க ஜௌபர். உங்கட கண்ணால கண்டீங்களா?”

“கண்டேன்.”

“சந்தேகம் ஒண்டுமில்லயே?”

“இல்ல.”

பள்ளிவாசல் முரசான நகரா முழங்கிற்று. ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீர் எழுந்தது. வெளியே பிள்ளைகள் குதித்துக்கொண்டு வீடுகளுக்கு ஓடினர்.

ஜௌபர் வீட்டுக்கு வந்தபோது மனைவி றஷீனா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி கரைத்துக்கொண்டிருந்தாள். நளீரா அடுப்படி வாசலில் புத்தகத்தை விரித்துவைத்து, உம்மாவுக்குப் பிறை கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆடும் நிண்டிச்சி உம்மா.”

ஜௌபர் சட்டையைக் கழற்றிய கையோடு நின்றார். “எங்க மகள் ஆடு நிண்ட?”

“மலையில. பிறைக்கு நேர கீழ. நட்சத்திரம் பிறைட மடியில இருந்திச்சி.”

“வானத்துலயா கண்டீங்க, புத்தகத்துலயா?”

பாடம் விளங்காத மாணவனைப் பார்ப்பதுபோல் அவள் தகப்பனைப் பார்த்தாள். “கண்ண மூடிக்கிட்டுத்தானே வாப்பா பாடினேன். கண்ண மூடினா வரி மறக்காதெண்டு நீங்கதானே செல்லித் தந்த. மூடினதும் பிறை தெரிஞ்சிச்சி. நீங்களும் தெரியுதெண்டு சென்னீங்க.”

றஷீனாவின் அகப்பை நின்றது.

“அப்ப நீங்க என்னத்தக் கண்ட?” என்று கணவரிடம் கேட்டாள்.

ஜௌபர் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிள்ளை கண்டது புத்தகத்துப் பிறை. தாம் கண்டதோ அதுகூட அன்று. வெளுப்பாக ஒன்று தெரிந்தது, ‘தெரியுது’ என்று சொல்ல வாய் ஊறிற்று, சொன்னார். ஊர் அவருடைய நாவை நம்பி ஒரு நோன்பை விடப் போகிறது. நடக்கவே தள்ளாடும் இப்றாஹீம் லெப்பைகூட இந்த மாதத்தில் ஒரு நோன்பையும் விடவில்லை. நாளை அந்த மனிதரும் காலையில் உணவுத் தட்டின் முன் அமர்வார்.

கழற்றிய சட்டையை மீண்டும் மாட்டிக்கொண்டு இறங்கினார். ‘நான் காணவில்லை’ என்ற இரண்டு சொற்களை வழி நெடுகச் சொல்லிப் பார்த்தார். அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இஷா என்னும் இரவுத் தொழுகைக்கு ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தனர். அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை.

“லெப்பை, பிறை விஷயத்துல ஒரு பிசகு” என்று தொடங்கினார். எல்லோரும் திரும்பினர். ஸலீமும் திரும்பினார். ஜௌபரின் நாக்கு தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. “புள்ள கையக் காட்டிச்சி. கண்டேனெண்டு சென்னிச்சி. அத நம்பிட்டேன். இப்ப கேட்டா, புத்தகத்துல உள்ள பிறையச் செல்லுது.”

ஒரு சொல்லும் பொய் இல்லை. உண்மையும் அதில் இல்லை.

லெப்பை ஸலீமிடம் திரும்பி, “நீங்க என்னத்தக் கண்ட?” என்றார்.

“நான் நானாட விரலத்தான் பாத்தேன். விரலுக்கு மேல என்னமோ இருந்த மாதிரி இருந்திச்சி.”

“விரலுக்கா பெருநாள் கொண்டாடுற?” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தனர், சிலர் முணுமுணுத்தனர். வீட்டில் இறைச்சி ஆக்கிவைத்திருந்த ஒருவர், “ஜௌபர் நானாட மகள் ஊரையே மேய்ச்சிட்டாளே” என்றார்.

லெப்பை கையை உயர்த்தினார். “சின்னப் புள்ள அறியாமச் சென்னதுக்கு ஆரும் ஒண்டும் பேசவேணாம். அதுட மேல குத்தமில்ல. நாளைக்கி நோன்பு.” பிறகு ஜௌபரின் தோளைத் தொட்டார். “வந்து சென்னீங்களே, அது பெரிய காரியம்.”

ஜௌபர் தலையசைத்தார். மகளுக்காக அந்த மன்னிப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

அவர் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. நளீரா புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள்.

“வாப்பா, நான் பொய் சென்னேனா?”

“இல்ல மகள். மேகந்தான் நம்மள ஏமாத்திட்டு.”

றஷீனா வட்டிலப்பச் சட்டியை மூடி வைத்துவிட்டு வந்தாள். “சத்தியம் பண்ணினது புள்ளயா, நீங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

மறுநாள் முற்பகல் ஜௌபர் கடையைத் திறந்து அமர்ந்திருந்தார். முடுக்கிலிருந்து பாட்டு வந்தது. வழக்கம்போல் தலையைக் குனிந்து கேட்டார்.

எட்டி நின்று பார்த்தாளாம்
இல்லாப் பிறையைக் கண்டாளாம்
வட்டில் அப்பம் காத்ததாம்
வாய்கள் எல்லாம் காய்ந்ததாம்

எதுகை சரியாக இருந்தது. மோனையும் தவறவில்லை. எழுந்துபோய்த் திருத்த அதில் ஒன்றுமே இல்லை. அவர் மாதம் முழுவதும் திருத்திக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்திறங்கிய நல்லையா கடைவாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்றுதான் பெருநாள் என்று எண்ணி, வாழ்த்துச் சொல்ல வெற்றிலைத் தட்டோடு வந்திருந்தான்.

“என்னாங்க மொதலாளி, பாட்ட மாத்திட்டீங்களா?”

“நான் மாத்தல்ல.”

“நம்ம பாப்பாவயா பாடுறாங்க?” நல்லையா உள்ளே வந்து அமர்ந்தான். நடந்ததை ஜௌபர் சொன்னார். பள்ளிவாசலில் சொன்ன விதமாகவே சொன்னார். நல்லையா உச்சுக் கொட்டினான். “சின்னப்புள்ளதானங்க, அதுக்கு என்னா தெரியும். நல்ல வேள, படத்துல முதுகு மட்டுந்தான் இருக்கு. மொகத்தப் போட்டிருந்தா புள்ள வெளிய தல காட்ட முடியுமா?”

ஜௌபர் அலமாரியிலிருந்த புத்தகக் கட்டைப் பார்த்தார். முதுகை மட்டும் காட்டி நிற்பது எவ்வளவு வசதி என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்று மாலை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. முப்பது நோன்பும் நிறைந்துவிட்டதால் இனிச் சாட்சி தேவையில்லை; ஆனாலும் ஊர் மீண்டும் மேட்டில் கூடிற்று. நளீரா வரமாட்டேன் என்றாள். ஜௌபர்தான் கெஞ்சி அழைத்து வந்தார். தோளில் ஏறச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, அவருடைய கையைப் பிடித்தபடி பின்னால் நின்றாள். ‘எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். பிறை தெரியுமுன் சொல்லிவிட வேண்டும்’ என்று ஜௌபர் எண்ணினார். எவரோ முதுகில் தட்டி, “இண்டைக்கி புத்தகத்தக் கொண்டு வரல்லயா நானா?” என்றார். ஜௌபர் சிரித்து வைத்தார். சொல்லவில்லை.

சூரியன் இறங்கிற்று. நளீராவின் விரல்கள் திடீரென்று அவருடைய விரல்களை இறுக்கின. ஜௌபர் குனிந்தார். அவள் மேற்கே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. அவர் அந்தத் திசையைப் பின்பற்றினார். இரு மலைகளுக்கிடையே, நகத்தால் கீறியதுபோல், பிறை. வேறெவரும் இன்னும் கண்டிருக்கவில்லை.

“மகள், தெரியுதா?”

அவள் உடனே நிலத்தைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாது வாப்பா. நீங்க செல்லுங்க.”

அவர் வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் நின்ற ஸலீம், “அந்தா, அந்தா” என்றார். மேடு அதிர்ந்தது. இம்முறை கண்டவர்கள் இருவர் அல்லர்; எல்லோரும் கண்டனர். ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். ஜௌபர் மகளையும் இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து லெப்பையிடம் சென்றார்.

“லெப்பை, நேத்து புள்ள மேல குத்தம் ஒண்டுமில்ல. நான் காணல்ல. காணாமலே சத்தியம் பண்ணினேன்.”

தக்பீர் ஒலியில் லெப்பை காதைச் சாய்த்துப் பாதியைத்தான் கேட்டார். அவரை அணைத்துக்கொண்டு, காதருகே உரக்கச் சொன்னார்: “அத இன்னமும் மனசுல வெச்சீக்கிறீங்களா? விடுங்க ஜௌபர். புள்ளய எல்லாரும் மன்னிச்சாச்சு.”

“மன்னிக்க வேண்டியது புள்ளய இல்ல லெப்பை” என்றார் ஜௌபர். ஆனால் லெப்பை அதற்குள் அடுத்தவரை அணைத்துக்கொண்டிருந்தார்.

நளீரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையை அவருடைய கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பாராமல், வீட்டுப் பக்கமாகத் தனியே இறங்கிப் போனாள்.