யாரோட இடது?

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் தொலைக்க முடியாது. அம்மா நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். நூலகத்தை விட்டு வந்தாளே தவிர, லேபிள் ஒட்டுவதை விடவில்லை. ஒவ்வொரு லேபிளிலும் இரண்டு வரி இருக்கும். மேலே பொருளின் பெயர், கீழே அது இருக்கவேண்டிய இடம் அல்லது அதன் உபயோகம். கத்தரிக்கோல், மூன்றாம் இழுப்பறை. பழைய துண்டு, தரை துடைக்க மட்டும். வேலை போய் நான்கு மாதமாகக் கூடத்து சோபாவில் தலையணையும் போர்வையுமாகப் படுத்துக் கிடந்த எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். ஒருநாள் கண் விழிக்கும்போது என் நெற்றியில் 'சின்ன மகள், சோபா' என்று ஒட்டியிருப்பாள்.

அப்படிக் கிடந்தவளை எழுந்து உட்காரவைத்தது அக்காவின் புலம்பல். அக்கா பல் டாக்டர். அவள் கிளினிக்கில் நோயாளிகளுக்கு இரண்டு நாற்காலி, ஒரு வரவேற்பு மேசை, பல் அச்சுகள் அலமாரி முழுக்க இளித்துக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டோர் ரூம். ஊரில் உள்ள பெரிய ஸ்கேன் மையம், தாடைப் படங்களை இனி நேராகக் கிளினிக் கம்ப்யூட்டருக்கே அனுப்பப்போகிறதாம். அதற்கு ஒரு நிபந்தனை. கிளினிக்கில் ஒழுங்கான ஃபயர்வால் இருக்கவேண்டும். அதாவது வெளியே இருக்கும் இணையத்துக்கும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நின்று, வருகிறவன் போகிறவனையெல்லாம் விசாரிக்கும் ஒரு காவல்காரன். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மையத்திலிருந்து பரிசோதகர் வந்து பார்ப்பார்.

"கடையில ரெடியா ஒரு பெட்டி கிடைக்குதாம், அதை..."

"எதுக்கு? நான் செஞ்சு தரேன்" என்றேன், அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள். வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "விளையாட்டு இல்லடி. இதே மாதிரி இன்னும் பதினோரு கிளினிக்குக்கு ஆள் தேடறாங்க. உன்னைப் பத்தி அந்தப் பரிசோதகர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ சொதப்பினா அந்த வேலையும் போச்சு, என் மானமும் போச்சு."

பழைய கம்பெனியில் எட்டு வருடம் நெட்வொர்க் பார்த்தவள் நான். கம்பெனியை மூடிய பிறகு இருபது இடத்துக்கு எழுதிப்போட்டேன். பாதிப் பேர் பதில் போடவில்லை, மீதிப் பேர் போட்ட பதிலுக்கு அவர்களும் போடாமலே இருந்திருக்கலாம். அந்தப் பதினோரு கிளினிக்கும் எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு போர்டு இருந்தது. கம்பெனியைக் காலி செய்த அன்று, வேண்டாத சாமான்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் நாற்காலிக்கும் காபி மெஷினுக்கும் அடித்துக்கொண்டபோது நான் இதை எடுத்துவந்தேன். சர்வருக்கென்றே செய்த சின்ன மதர்போர்டு, இரண்டு கை அகலம்தான். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது, பழைய குண்டு பல்பு தின்னும் கரண்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தின்னாது. பின்பக்கம் வரிசையாக ஆறு போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை. இதில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால் மென்பொருள் ஒன்றை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

"ஓசியில கிடைக்கற காவல்காரனை எப்படிடி நம்பறது?" என்றாள் அக்கா.

"அவன் உள்ளுக்குள்ள என்ன பண்றான்னு யார் வேணாலும் எட்டிப் பார்க்கலாம். கடைப்பெட்டியில அது முடியுமா?"

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு உதவி செய்தாள். போர்டை வைக்க என்னிடம் பெட்டி இல்லை. அவள் கருவிகளைப் போட்டு வைத்திருந்த பழைய எஃகுப் பெட்டி ஒன்று சரியான அளவில் இருந்தது. அதில் போர்ட்களுக்காக நீளமாக ஒரு திறப்பு வெட்ட வேண்டும். மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஓய்வு கொடுத்திருந்த பழைய பல் ட்ரில்லால் அக்காவே வெட்டினாள். பழக்க தோஷத்தில் நடுவில் இரண்டு முறை "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள். பெட்டி கையைத் தூக்கவில்லை.

புதன்கிழமை காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடையைப் பரப்பினேன். இந்தப் போர்டுக்குத் திரையை மாட்ட வழியே கிடையாது. சீரியல் கேபிள் என்று ஒன்று உண்டு, அதை லேப்டாப்பில் செருகி, போர்டு எழுத்தெழுத்தாகச் சொல்வதைப் படிக்கவேண்டும். மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றினேன், செருகினேன், சுவிட்சைப் போட்டேன். போர்டு தன் ஜாதகத்தை ஒப்பித்தது, நினைவகம் இவ்வளவு, போர்ட் இவ்வளவு என்று. பிறகு கப்சிப்.

கேபிளை மாற்றினேன். பென் டிரைவை மாற்றினேன். கேபிள் பேசும் வேகத்தை மாற்றினேன். மூன்று மணி நேரம் அந்தக் கறுப்பு ஜன்னலை முறைத்துப் பார்த்ததில் என் முகம்தான் அதில் தெரிந்தது. போர்டைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், கேட்காமலே பழம் நறுக்கிக் கொண்டுவந்த அம்மாவையும் ஒரு பாட்டம் திட்டினேன்.

அம்மா அதைக் காதில் வாங்காமல், நான் அச்செடுத்து ஓரமாகப் போட்டிருந்த வழிகாட்டியை எடுத்து நாவல் படிக்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தாள். "இதுல ரெண்டு விதம் இருக்குன்னு போட்டிருக்கே. ஒண்ணு திரை இருக்கற மெஷினுக்கு, இன்னொண்ணு சீரியல் கேபிளுக்கு. நீ எதை எடுத்த?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதில் சொல்லாமல் இருப்பது குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு. மூன்று மணி நேரமாக அந்தப் போர்டு, இல்லாத திரையில் "நிறுவலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

சரியானதை ஏற்றியதும் பத்தே நிமிடம். போர்டைத் திறந்த பெட்டிக்குள் திருகி, மேசைமேல் வைத்தேன். போர்ட்கள் இருக்கும் பின்பக்கம் எதிர் நாற்காலியைப் பார்த்து இருந்தது. நான் முன்பக்கத்திலிருந்து எட்டிக் குனிந்து ஒவ்வொன்றாகக் கேபிளை மாட்டிப் பார்த்தேன். என் இடது கோடியில் முதல் போர்ட், அதில் வெளி இணையம். அதற்கு அடுத்ததில் உள் கம்ப்யூட்டர்கள். வலது கோடியில் இருப்பது தனி ரகம், மேனேஜ்மென்ட் போர்ட். மெஷின் அணைந்திருந்தாலும் அதன் வழியாக உள்ளே போய் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கலாம். அதை மட்டும் வெளி இணையத்தில் மாட்டவே கூடாது. மாட்டினால், வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் கதவிலேயே தொங்கவிட்டதற்குச் சமம்.

எல்லாம் அம்சமாக ஓடியது. அம்மாவுக்குக் கை பரபரத்தது, லேபிள் மெஷினோடு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லு, ஒட்டறேன்."

"இடது கோடி, வெளி. அதுக்கு அடுத்தது, உள். வலது கோடி, மேனேஜ்மென்ட்."

"நிர்வாகம்னு போடறேன்" என்றாள். பிறகு, துண்டுக் காகிதத்தை விரலில் பிடித்தபடி கேட்டாள். "யாரோட இடது?"

நான் திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "இடதுன்னா இடதுதாம்மா. அதுல என்ன யாரோட."

அம்மா ஒட்டினாள். நான் மூடியைப் போட்டு முடுக்கினேன்.

வியாழக்கிழமை காலை நோயாளிகள் இருந்ததால் பழைய இணைப்பைத் துண்டிக்க முடியாது. நானும் அவசரப்படவில்லை. பன்னிரண்டு மணிக்கு, பரிசோதகர் கண் முன்னாலேயே பழசைப் பிடுங்கி, புதுசை மாட்டி, அசத்திவிடுவதாகத் திட்டம். வேடிக்கை பார்க்க அம்மாவும் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள்.

பரிசோதகர் ஒல்லியான மனிதர், தோளில் ஒரு லேப்டாப் பை, கையில் ஒரு படிவம். அக்கா அவரைப் பெட்டி இருந்த ஸ்டோர் ரூமுக்கு அழைத்துவந்தாள். "ஒரு மணிக்கு ஒரு பேஷன்ட் இருக்காங்க. அவங்க ஸ்கேனைப் பார்த்தாத்தான் பல்லைப் பிடுங்கணுமா வேண்டாமான்னு தெரியும். அதுக்குள்ள லைன் வந்துடணும்" என்றாள் என்னைப் பார்த்து.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

லேபிளைப் பார்த்து வெளி கேபிளை 'வெளி'யில் மாட்டினேன், உள் கேபிளை 'உள்'ளில் மாட்டினேன். இரண்டிலும் பச்சை விளக்கு துள்ளியது. "பாருங்க சார்" என்றேன். அவர் பார்த்தார். இணையம் வரவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டேன். ஃபயர்வால் விதிகளை வரி வரியாகப் படித்தேன். முகவரிகளைச் சரிபார்த்தேன். சீரியல் கேபிளில் அந்த மெஷின் சலிக்காமல் ஒன்றையே சொன்னது. முதல் போர்ட், கேபிள் இல்லை. இரண்டாம் போர்ட், கேபிள் இல்லை. கேபிள் என் கண்ணெதிரே தொங்குகிறது, விளக்கு எரிகிறது, இது இல்லை என்கிறது.

"நேத்து ஓடிச்சு சார்" என்றேன். என் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் ஒருமுறையாவது சொல்லி அசடு வழிந்த வாக்கியம் அது. பரிசோதகர் தலையாட்டிவிட்டு அலமாரியில் இருந்த பல் அச்சுகளைப் பார்க்கப் போனார். நூறு வாய்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பதினோரு கிளினிக்கும் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அக்கா வாசலில் நின்றுகொண்டு கடிகாரத்தையே பார்த்தாள், அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசி முயற்சியாக, மேனேஜ்மென்ட் போர்ட் வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை 'நிர்வாகம்' என்று ஒட்டியிருந்ததில் செருகினேன்.

உடனே மெஷின் சொன்னது. முதல் போர்ட், கேபிள் வந்தது.

இந்தக் கோடி முதல் போர்ட் என்றால், அந்தக் கோடியில், வெளி இணையம் மாட்டியிருக்கும் அந்தக் கோடியில், இருப்பது என்ன? கேபிளைப் பாம்பைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் பரிசோதகர்.

"லேபிள் சார். அம்மா மாத்தி ஒட்டிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அக்காவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். ஸ்டோர் ரூமில் ஏதோ தகராறு என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு தெரியாவிட்டாலும் பரிசோதகர் அதை, அம்மா ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். அப்படியே விட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வயதானவர், தெரியாமல் ஒட்டிவிட்டார், பரவாயில்லை என்று அவரும் போயிருப்பார்.

யாரோட இடது என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது.

"இல்ல சார்" என்றேன். "அவங்க சரியாத்தான் கேட்டாங்க. எந்தப் பக்கத்துல இருந்து பார்த்து இடதுன்னு கேட்டாங்க. அவங்க எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாங்க, என் இடது அவங்களுக்கு வலது. நான்தான் பதில் சொல்லல. ஒட்டினதுக்கு அப்புறம் நான் சரிபார்க்கவும் இல்ல." இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தாயிற்று. "இன்னொண்ணும் சொல்லணும். வெளி லைன் இவ்வளவு நேரம் மேனேஜ்மென்ட் போர்ட்ல இருந்திருக்கு. அரை மணி நேரம்னாலும் அது பெரிய தப்பு. அதோட பாஸ்வேர்டை இப்பவே மாத்திடறேன், யாராவது தட்டிப் பார்த்தாங்களான்னு பதிவையும் எடுத்துத் தரேன்."

பரிசோதகர் படிவத்தில் ஏதோ எழுதினார். நிறையவே எழுதினார். எழுதட்டும் என்று நான் கேபிள்களை மாற்றி மாட்டினேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு லைன் வந்தது. ஐம்பத்தைந்துக்கு வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு தாடை முழுசாக வந்து நின்றது. அக்கா பெருமூச்சு விட்டாள். பரிசோதகர் தன் லேப்டாப்பை வெளி லைனில் வைத்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. பதிவையும் படித்தார், அந்த அரை மணியில் யாரும் வரவில்லை.

"இது பாஸ்" என்றார் படிவத்தை மடித்துக்கொண்டே. பிறகு என்னிடம் கேட்டார். "மத்த கிளினிக் எல்லாம் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"இவ்வளவு தப்புக்கு அப்புறமுமா சார்?" என்றேன்.

"நேத்து ஓடிச்சுன்னு தினம் பத்துப் பேர் சொல்வாங்க. எங்க தப்பு பண்ணேன்னு யாரும் சொல்றதில்ல. திங்கட்கிழமை ரெண்டு கிளினிக்ல ஆரம்பிங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "அம்மா லேபிள் ஒட்ட வருவாங்களா?"

"கேட்டா பதில் சொல்றதா இருந்தா வரேன்" என்றாள் அம்மா.

நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்தே வந்தோம். முதல் திருப்பத்தில் நின்றேன். "அவர் முன்னாடி உன் பேர்ல பழியைப் போட்டது தப்பும்மா. எனக்கு வெட்கமா இருக்கு" என்றேன்.

"பட்டாதான் புத்தி வரும்னு விட்டுட்டேன்னு நினைச்சியா? மாத்தி இருக்கும்னு எனக்கு நிஜமாவே தெரியாது. அதனாலதான் கேட்டேன்" என்றாள். பிறகு, "நேத்து பழம் கொண்டுவந்தப்போ என்னைத் திட்டினதுக்கும் சேர்த்து வெட்கப்படு" என்றாள்.

திங்கட்கிழமைக்கு லேபிள் மெஷினுக்குப் பேட்டரி வாங்கவேண்டும் என்று நான் கடைக்குத் திரும்பினேன், அம்மா முன்னால் போனாள். அரை மணி கழித்து வீட்டுக்கு வந்தபோது கூடம் வேறு மாதிரி இருந்தது. நான்கு மாதமாக சோபாவில் கிடந்த தலையணையும் போர்வையும் காணோம். விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. கைப்பிடியில் புதிதாக ஒரு லேபிள்.

சோபா. உட்கார மட்டும்.

நான் அதில் உட்கார்ந்து அழுதேன். சமையலறையிலிருந்து அம்மா, மதியச் சாப்பாடு எங்கே சாப்பிடப்போகிறாய் என்று கேட்டாள். "மேசையில" என்று இந்த முறை உடனே பதில் சொன்னேன்.